பழைய பெட்டியும் புதிய கப்ளிங்கும்

சென்ற இதழில் படுக்கை முன்பதிவு விதிகளைப் பற்றி எழுதியதற்கு அன்பர்கள் பலர் வினாக்கள் அனுப்பியிருக்கிறார்கள். அவற்றுக்கு அடுத்த மாதம் விடை எழுதுவேன். இம்முறை வேறொரு விஷயம் குறுக்கிட்டுவிட்டது. அதுவும் நமது சங்கத்துப் படிப்பகத்து அலமாரியிலிருந்தே கிளம்பியது.

சங்கத்தின் பழைய கணிப்பொறியை அகற்றிவிட்டு அவ்விடத்தில் இரண்டு நாற்காலி போடுவதென்று செயற்குழு தீர்மானித்தது. அதில் உள்ள கோப்புகளை எடுத்துப் புதிய பொறியில் சேர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. இரயில்வேயில் நாள் முழுதும் கம்ப்யூட்டர் முன் அமர்கிறவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. கோப்புகள் பழுதின்றி வந்து சேர்ந்தன. திறந்து பார்த்தால் ஒன்றாவது தமிழாக இல்லை! 2002-ஆம் ஆண்டு மலர் முழுவதும், தலையில் கொம்பும் காலில் வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாக நின்றது.

காரணம் அறிந்ததே. அந்நாளில் தமிழ் எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் எழுத்துகளைத் தத்தம் மனம்போல் அடுக்கி வைத்திருந்தனர். 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ‘டாம்’, ‘டாப்’ என இரண்டு குறியீட்டு முறைகளை ஏற்றது; 2010-இல் யூனிகோடை ஏற்றது. நம் மலரோ இவற்றுள் எதிலும் சேராத ஓர் எழுத்துருவில் அடிக்கப்பட்டிருந்தது. அந்த எழுத்துருவும் பழைய பொறியில் இல்லை. அதைத் தட்டச்சு செய்த நமது முன்னாள் செயலாளரும் இன்று இல்லை. சங்கத்தில் இருந்த அச்சுப் பிரதிகளைக் கரையான் தின்று பல்லாண்டுகள் ஆகின்றன.

அப்போது படிப்பகத்தில் இருவர் இருந்தனர். ஒருவர் ஓய்வு பெற்ற கார்டு பெரியவர். மற்றவன் நம் உறுப்பினர் ஒருவரின் மகன். பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவன். பையன் இரவு வேளைகளில் தானே ஓர் இயங்குதளம் எழுதி வருகிறானாம். கூலி இல்லை, கேட்பாரும் இல்லை, ஆசைக்காகச் செய்வது.

“போனது போகட்டும், அண்ணா. பழையதைச் சுமந்துகொண்டே நடந்தால் புதியதைப் பிடிக்கக் கை ஏது? என் இயங்குதளத்தில் முதல் விதியே, பழையது எதற்கும் உத்தரவாதம் இல்லை என்பதுதான்” என்றான் அவன்.

பெரியவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். “ஏனப்பா, அந்த மலரில் உன் பாட்டியம்மாள் ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். என் வீட்டுக்காரியைச் சொல்கிறேன். நாங்கள் இந்த ஊருக்கு வந்த கதை அது. அதுவும் போகட்டுமா?” என்றார்.

பையன் பதில் சொல்லவில்லை. அவ்வம்மையார் மறைந்து ஏழாண்டுகள் ஆகின்றன என்பது அவனுக்கும் தெரியும்.

அவன் சொன்னதும் பெரியவர் சொன்னதும் இந்த மூலையில் மட்டும் நடக்கும் வழக்கன்று. சம்பளமின்றி, ஆர்வத்தால் இயங்குதளம் கட்டுகிறவர்கள் உலகெங்கும் இதே வழக்கைப் பல்லாண்டுகளாகப் பேசி வருகிறார்கள். அதை வாசகர்க்குச் சொல்லலாமே என்று தோன்றிற்று.

இயங்குதளம் என்பதை ஒரு பெரிய ஸ்டேஷன் என்று கொள்ளலாம். நாம் பயன்படுத்தும் நிரல்கள் வண்டிகள். எந்த வண்டிக்கு எந்தப் பிளாட்பாரம், யார் முந்துவது, யார் காத்திருப்பது என்பதையெல்லாம் நிர்வகிப்பது இயங்குதளம். பழைய நிரல் புதிய இயங்குதளத்தில் ஓடவேண்டுமாயின் தண்டவாள அகலம் மட்டும் பொருந்தினால் போதாது, கப்ளிங்கும் பொருந்தவேண்டும். பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டிகளுக்கு ஸ்க்ரூ கப்ளிங்கும் இரு பக்கமும் பஃபரும் உண்டு. எல்.எச்.பி. பெட்டிகளுக்கு நடுவில் பற்றிக்கொள்ளும் சென்டர் பஃபர் கப்ளர். இரண்டும் 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையில்தான் ஓடுகின்றன. ஆயினும் ஒன்றை மற்றொன்றோடு நேரே கோக்க முடியாது. பெரம்பூரில் பழைய வகைப் பெட்டி செய்வதை 2018 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள். நிறுத்திய அன்றே ஓடுகிற பழைய பெட்டிகளை எல்லாம் உடைத்தார்களா? இல்லையே!

இந்தக் கப்ளிங் தகராற்றுக்கு ‘ஹைக்கூ’ என்னும் இயங்குதளத்தைப் போன்ற சான்று வேறில்லை.

ஆப்பிள் கம்பெனியில் உயர்பதவி வகித்த ழான் லூயி காசே என்ற பிரெஞ்சுக்காரர் 1990-இல் ‘பி’ என்றொரு கம்பெனி தொடங்கி, ‘பி.ஓ.எஸ்.’ எனும் இயங்குதளத்தை உருவாக்கினார். படமும் ஒலியும் தடங்கலின்றி ஓடுவதில் அது பெயர் பெற்றது. 1996-இல் ஆப்பிளே அதை விலைக்கு வாங்க யோசித்தது. முடிவில் நெக்ஸ்ட் என்ற வேறு கம்பெனியை வாங்கிக்கொண்டது. 2000-இல் ஐந்தாம் பதிப்பு வந்தது. 2001 ஆகஸ்டில் ‘பி’யின் சொத்துகளைப் பாம் கம்பெனி 1 கோடியே 10 இலட்சம் டாலர் பெறுமான பங்குகளுக்கு வாங்கிக்கொள்ள உடன்பாடு செய்தது. இயங்குதளம் அத்தோடு அநாதையாயிற்று.

அதை நேசித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. மைக்கேல் ஃபிப்ஸ் என்பவர் முன்நிற்க, அதே மாதத்தில் அவ்வியங்குதளத்தைத் தாங்களே முதலிலிருந்து மறுபடியும் எழுதத் தொடங்கினர். மூல நிரல் அவர்கள் கையில் இல்லை. வேறு சிலர் லினக்ஸின் மேல் பி.ஓ.எஸ். தோற்றத்தைப் போர்த்திவிட்டால் போதும் என்று தனியே முயன்றனர்; அம்முயற்சிகள் நிலைக்கவில்லை. இவர்களோ ஒரு சபதம் செய்துகொண்டனர். தம் முதற்பதிப்பில் பி.ஓ.எஸ். ஐந்தாம் பதிப்பின் நிரல்கள், எழுதியவரைத் தேடிப் போகாமல், இருந்தபடியே ஓடவேண்டும் என்பது அது. பாம் கம்பெனியின் வணிகப் பெயருக்கு இடையூறு வராதபடி 2004-இல் ‘ஹைக்கூ’ என்று பெயர் மாற்றிக்கொண்டனர். பி.ஓ.எஸ்.ஸின் வலை உலாவி தவறு நேர்ந்தால் ஜப்பானியக் குறுங்கவிதை வடிவில் செய்தி காட்டுமாம். அந்த நினைவாக இப்பெயர்.

சபதம் வெறும் பாசத்தால் எழுந்ததன்று. அதில் ஒரு தொழில் நுட்பமும் இருந்தது. பழைய இயங்குதளத்தின் பகுதிகளை ஒவ்வொன்றாக எழுதி, ஓடுகிற பி.ஓ.எஸ்.ஸிலேயே பழைய பகுதியை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்திச் சோதிக்கலாம். வண்டிகளை நிறுத்தாமல் பாலத்தின் கர்டர்களை ஒவ்வொன்றாக மாற்றுவது போன்ற வேலை. பொருத்தம் இல்லாவிடில் இது நடவாது.

தொல்லை கம்பைலரில் வந்தது. மனிதர் எழுதும் நிரலைப் பொறி புரிந்துகொள்ளும் வடிவுக்கு மாற்றுவது கம்பைலர். பி.ஓ.எஸ். நிரல்கள் சி ப்ளஸ் ப்ளஸ் மொழியில் எழுதப்பட்டு, ஜி.சி.சி. 2.95 என்னும் கம்பைலரால் ஆக்கப்பட்டவை. 2001-இல் ஜி.சி.சி. மூன்றாம் பதிப்பு வந்தபோது, ஒரு நிரற்பகுதி மற்றொன்றைப் பெயர் சொல்லி அழைக்கும் முறையே மாறிற்று. அதாவது கப்ளிங் மாறிற்று. பழைய நிரல் ஓடவேண்டுமாயின் ஹைக்கூவும் பழைய கம்பைலராலேயே ஆக்கப்படவேண்டும். உலகம் புதிய கம்பைலருக்கேற்ற மொழியில் எழுதிக்கொண்டே போக, இவர்கள் அடித்தளப் பகுதிகளை 1999-இல் வந்த கம்பைலருக்குப் புரியும் மொழியிலேயே எழுதவேண்டியதாயிற்று.

ஏன் இந்தத் தளை என்று ஒரு சாரார் கேட்டனர். இருபது வயதில் சேருகிற இளைஞனிடம், தான் பிறப்பதற்கு முன் வந்த கம்பைலருக்குத் தக்கபடி எழுது என்றால் அவன் நிலைப்பானா? எஞ்சியிருக்கும் பழைய நிரல்கள் எத்தனை? அவற்றை நாள்தோறும் ஓட்டுகிறவர் எத்தனை பேர்? மறுசாரார் கூறியது, மூல நிரல் கிடைக்குமாயின் எந்த நிரலையும் புதிதாக ஆக்கிக்கொள்ளலாம். மூல நிரலோடு கம்பெனியும் மறைந்துபோன நிரல்களுக்கு நாம் தாம் கதி. முதற்பதிப்பில் கொடுத்த வாக்கைக் காத்துவிட்டு அடுத்த பதிப்பில் விடுபடுவோம் என்பது. இரு சாராரும் கூலியின்றி உழைப்பவர்கள் என்பதை மறக்கலாகாது. விடுமுறை நாளைக் கொடுத்தவனிடம் ‘உன் வழி தவறு’ என்றால், சம்பளம் வாங்குகிறவனைவிட அவனுக்கு அதிகம் சுடும்.

முடிவில் செய்தது இரயில்வேக்காரனுக்கு நன்கு விளங்கும். 32 பிட் ஹைக்கூவில் இரு வகைக் கப்ளிங்கையும் வைத்தனர். பழைய கம்பைலரால் ஆன நூலகங்கள் ஒரு பக்கம், புதியதால் ஆனவை மறுபக்கம். ஒரு வகை நிரல் மற்ற வகை நூலகத்தோடு இணையாது. ஆனால் இரண்டும் ஒரே ஸ்டேஷனில் நிற்கும். 64 பிட் பொறிகளுக்கென 2012-இல் செய்த வடிவத்திலோ பழைய கப்ளிங் அறவே இல்லை. அத்தகைய பொறிக்குப் பி.ஓ.எஸ். நிரல் என்று எதுவுமே எழுதப்பட்டதில்லை. கொடுக்காத வாக்கை மீறுவதெப்படி?

இதற்கு விலை இல்லாமற் போகவில்லை. 2009-இல் முதல் ஆல்பா, 2012-இல் நான்காம் ஆல்பா, 2018-இல் முதல் பீட்டா, 2024 செப்டம்பரில் ஐந்தாம் பீட்டா. இருபத்து மூன்றாண்டுகளில் ‘முதற்பதிப்பு’ என்று சொல்லத்தக்கது வரவில்லை. பழைமைப் பொருத்தம் ஒன்றே காரணம் என்பது நியாயமாகாது. கை குறைவு, வேலை மிகுதி. ஆனாலும் அதுவும் ஒரு காரணம் என்பதே என் அபிப்பிராயம். நானும் ஒரு பழைய மடிக்கணினியில் ஹைக்கூவை ஓட்டிப் பார்த்தேன். கண்ணிமைப்பதற்குள் என்று சொல்லாவிடினும், டீ ஆறுவதற்குள் பலமுறை எழுந்துவிடுகிறது. கடிதம் எழுதவும் பாட்டுக் கேட்கவும் மனத்துக்கு இதமான இயங்குதளம்.

பழைய பி.ஓ.எஸ்.ஸைச் செய்தவர்கள் முன்யோசனையோடு செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. நிரலின் உள்ளமைப்பில், பின்னாளில் தேவைப்படும் என்று பெயரிடப்படாத காலி இடங்கள் சிலவற்றை ‘ஒதுக்கியது’ என்று குறித்து விட்டுவைத்தனர். புதிய வசதி சேர்க்க நேர்ந்தால் அக்காலி இடத்தில் உட்காரவைக்கலாம். ஏற்கெனவே அமர்ந்திருப்பவரை எழுப்பவேண்டாம். எமர்ஜென்சி கோட்டா வைத்திருப்பதன் நியாயம் இதுவேயன்றோ?

இதற்கு நேர் எதிராகவும் ஒருவர் செய்திருக்கிறார். ஆண்டிரியாஸ் கிளிங் என்ற சுவீடன் நாட்டவர் 2018-இல், வாழ்வின் கடினமான ஒரு கட்டத்தைத் தாண்டிய பின், நாட்களைப் பயனுறக் கழிக்கவென்று ‘செரினிட்டி’ என்ற இயங்குதளத்தை எழுதத் தொடங்கினார். உட்கரு முதல் வலை உலாவி வரை அனைத்தும் தாங்களே எழுதுவது என்பது அதன் விரதம். எல்லா நிரல்களும் ஒரே களஞ்சியத்தில் இருந்தமையால், உட்கருவில் ஒன்றை மாற்றினால் அதைச் சார்ந்த நிரல்களையும் உடனே திருத்திவிடுவார்கள். வெளியாருக்கு எந்த வாக்கும் இல்லை. ஓட்டிப் பார்க்க ஆயத்தமான வட்டுக்கூடத் தருவதில்லை. வேண்டுமானால் மூல நிரலை எடுத்து நீயே ஆக்கிக்கொள். விருந்தாளி வராத வீட்டில் பெட்டியை எங்கு வேண்டுமானாலும் நகர்த்தலாம்! ஆனால் அவ்வீட்டில் பிறந்த ‘லேடிபர்ட்’ என்ற உலாவி ஊர் மெச்ச வளர்ந்தது. 2024 ஜூனில் கிளிங் இயங்குதளத்தை மற்றவரிடம் விட்டு உலாவியோடு தனியே சென்றார். பிரிந்த பின் பிறர் எழுதிய நூலகங்களையும் ஏற்றுக்கொண்டனர். விருந்தாளி வரத் தொடங்கியதும் வீட்டு விதி மாறிற்று.

நம் பையனுக்குப் பிடித்தவர் கிளிங்தான். தவறென்று சொல்லமாட்டேன். கற்கிறவனுக்கு அது சிறந்த வழி.

நடுவில் நிற்பது எல்லோரும் அறிந்த லினக்ஸ். 1991 ஆகஸ்ட் 25-ஆம் நாள், ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை அறிவித்தபோது, இது பொழுதுபோக்கு, பெரிதாக ஒன்றும் ஆகாது என்ற பொருள்படவே எழுதினார். அவருக்கு முன்மாதிரியாக இருந்தது டானென்பாம் என்ற பேராசிரியர் 1987-இல் பாடம் கற்பிக்கச் செய்த ‘மினிக்ஸ்’. மாணவர்க்குப் புரியும்படி சிறிதாகவே இருக்கவேண்டும் என்று அதில் புதியன சேர்க்கப் பேராசிரியர் பெரும்பாலும் மறுத்தார். 1992-இல் இருவருக்கும் பகிரங்க வாதம் நிகழ்ந்தது. லினக்ஸின் கட்டமைப்புப் பழைமையானது, 386 என்ற ஒரே வகைச் சில்லோடு கட்டுண்டது என்பது பேராசிரியர் வாதம். பின்னாளில் லினக்ஸ் எத்தனையோ வகைச் சில்லுகளில் ஓடிற்று. தான் பிறந்த 386-ஐ மட்டும் 2013-இல் வெளிவந்த 3.8 பதிப்பில் கைவிட்டது! பிறந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்ட நமக்கு இதைக் குறை சொல்ல வாயில்லை.

லினக்ஸின் ஏற்பாடு விசித்திரமானது. வெளியே நிற்கும் நிரல்களுக்கு வாக்கு இரும்பு போன்றது. உட்கருவை மாற்றுவதால் நேற்று ஓடிய நிரல் இன்று நிற்கக்கூடாது. 2012 டிசம்பரில், பங்களிப்பாளர் ஒருவர் உட்கருவில் ஒரு பிழைக்குறியை மாற்றியதால் ஒலி நிரல்கள் இடறின. குற்றம் அந்நிரல்களுடையது என்று அவர் வாதிட்டபோது, டோர்வால்ட்ஸ் பலர் அறிய அவரைக் கடுஞ்சொற்களால் சாடினார். கொள்கை சரியே; சொல்லிய முறை சரியன்று. 2018-இல் தம் கடுமொழிகளுக்காக அவரே பொதுவில் மன்னிப்புக் கோரி, சில காலம் விலகியும் இருந்தார்.

உட்கருவுக்குள் நடப்பதோ நேர்மாறு. கருவிகளை இயக்கும் ‘டிரைவர்’ நிரல்களுக்கு (எங்கள் என்ஜின் டிரைவர் அல்லர்) அங்கே எந்த உத்தரவாதமும் இல்லை. உள் இணைப்புகள் எந்தப் பதிப்பிலும் மாறலாம். கிரெக் க்ரோ ஹார்ட்மன் என்ற மூத்த பங்களிப்பாளர் இதற்கு நியாயம் கூறி ஓர் ஆவணமே எழுதியிருக்கிறார். உங்கள் டிரைவரின் மூல நிரலை எங்கள் களஞ்சியத்தில் சேர்த்துவிடுங்கள். மாற்றுகிறவரே அதையும் திருத்திவிடுவார் என்பது சாரம். மூல நிரலைக் கொடுக்க விரும்பாத கம்பெனிகளுக்கு இது கசப்பு. அவர்கள் கருவியை வாங்கிய ஏழைக்கு இரட்டைக் கசப்பு. புதிய பதிப்பு வந்ததும் அவன் கருவி ஊமையாகிறது. இந்த இடத்தில் நான் உட்கருக்காரர்கள் பக்கம் முழுமையாக நிற்கமாட்டேன். தவறு கம்பெனியுடையது, தண்டனை வாங்கியவனுக்கு என்றால் அதில் ஒரு கோணல் இருக்கிறது.

இவற்றையெல்லாம் ஒரு மாலை முழுதும் படிப்பகத்தில் பேசிக்கொண்டிருந்தோம். பெரியவருக்கு ஹைக்கூக்காரர்களைப் பிடித்துவிட்டது. “கம்பெனி செத்த பிறகும் வாக்கைக் காப்பாற்றுகிறார்களா? பலே!” என்றார். பையன், “ஆனால் தாத்தா, இருபத்து மூன்று வருஷம்!” என்றான். “நான் முப்பத்தாறு வருஷம் கார்டாக இருந்தேன், குழந்தாய்” என்றார் அவர். அது விடையா என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் பையன் என்னிடம் வந்து அந்த மலர்க் கோப்பைக் கேட்டு வாங்கிப் போனான். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் நமது சங்கத்தின் பெயர் இருந்திருக்கவேண்டும் என்று ஊகித்து, திரும்பத் திரும்ப வருகிற கொம்பெழுத்து வரிசையை எடுத்து அப்பெயரோடு ஒப்பிட்டிருக்கிறான். அதில் ஒன்பது எழுத்துகள் தெரிந்தன. அவற்றைக் கொண்டு உறுப்பினர் பெயர்களுள் சில, அவற்றைக் கொண்டு மேலும் சில எழுத்துகள். சென்ற ஞாயிறன்று அம்மையாரின் கட்டுரையில் முதற்பத்தியைத் தாளில் எடுத்துவந்து பெரியவரிடம் கொடுத்தான். நள்ளிரவில் இந்த ஊர் ஸ்டேஷனில் இறங்கி, பாஷை தெரியாமல், இரண்டு டிரங்குப் பெட்டியும் ஓர் ஆட்டுக்கல்லுமாக நின்ற கதை அது. பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இரண்டு முறை படித்தார். “ஆட்டுக்கல் இல்லை, அம்மிக்கல். அவள் சரியாகத்தான் எழுதியிருப்பாள், நீதான் எழுத்தை மாற்றிவிட்டாய்” என்றார். பையன் தாளை வாங்கிப் பார்த்தான். அப்படியும் இருக்கலாம், தாத்தா, என்று ஒப்புக்கொண்டான்.

இன்னும் பதினொரு குறிகள் இன்ன எழுத்தென்று துணிய முடியவில்லை. 2002-ஆம் ஆண்டு மலரின் அச்சுப் பிரதியோ, அந்நாளில் எழுத்துரு ஏற்றி வைத்திருந்த வட்டோ எந்த அன்பர் வீட்டுப் பரணிலாவது இருந்தால், ஒரு வாரத்துக்கு இரவலாகச் சங்கச் செயலாளரிடம் சேர்ப்பிக்குமாறு வேண்டுகிறேன். பத்திரமாகத் திருப்பித் தரப்படும்.